சாதனையும் அடைவும்: தொடக்கப்பள்ளி எதைச் செய்தியாக்குகிறது?

கல்வித்துறை ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கும் இரண்டு பொருள்களைத் தமிழ் இரண்டு சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று சாதனை, மற்றொன்று அடைவு. சாதனை ஒருவரைப் பலரிடமிருந்து பிரித்து உயர்த்திக் காட்டுவது. பரிசு, பதக்கம், முதலிடம், தேர்ச்சிப் பட்டியல் ஆகியன அதன் அடையாளங்கள். அடைவு, ஒரு குழந்தை முன்பு நின்ற இடத்துக்கும் இப்போது வந்து சேர்ந்திருக்கும் இடத்துக்கும் இடையிலான தொலைவைக் குறிப்பது. சாதனை சிலருக்கே வாய்க்கும் என்பது அச்சொல்லின் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது. அடைவோ அனைவருக்கும் உரியது. தொடக்கப்பள்ளி நிறுவப்படுவது அடைவுக்காக. ஆனால் அப்பள்ளியைப் பற்றி ஊரார் காணும் செய்திகள் ஏறத்தாழ முழுமையும் சாதனையைப் பற்றியவை. இம்முரணை வெறும் விளம்பரச் சிக்கலாகக் கருதி ஒதுக்கிவிட இயலாது. ஆசிரியரின் நேரம் எக்குழந்தைக்குச் செல்கிறது, எக்குழந்தை கண்ணில் படாமலே ஐந்தாம் வகுப்பைக் கடந்துபோகிறது என்பவற்றை இது தீர்மானிக்கிறது.

இந்தியாவின் எந்த மாநிலத்திலும் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியின் வாயிற்பலகையையோ, பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவையோ, நாளிதழின் வட்டாரப் பக்கத்தையோ பார்த்தால் செய்தியின் வடிவம் ஒன்றாகவே இருக்கும். நவோதயா நுழைவுத் தேர்வில் வெற்றி பெற்ற மாணவியின் நிழற்படம். கையெழுத்துப் போட்டியிலும் யோகாசனப் போட்டியிலும் பரிசு பெற்றவர்களின் வரிசை. தனியார் அமைப்புகள் நடத்தும் ‘ஒலிம்பியாடு’ தேர்வுகளின் பதக்கங்கள். நடுவில் பொன்னாடையோடு விருந்தினர். ஆகஸ்டில் எழுத்துக்கூட்டித் தடுமாறிய சிறுவன் நவம்பரில் ஒரு பத்தியைத் தடையின்றிப் படித்தான் என்பது இவற்றில் எங்கும் இடம்பெறுவதில்லை. அது நிகழ்ந்த நாளை எவரும் குறித்து வைப்பதில்லை. நிழற்படம் எடுப்பதற்கும் அதில் ஒன்றுமில்லை. எனினும் அப்பள்ளி அவ்வாண்டில் செய்த மிகக் கடினமான வேலை அதுவாகவே இருக்கக்கூடும்.

சாதனைச் செய்தி எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதற்கு நவோதயா தேர்வு தெளிவான எடுத்துக்காட்டு. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையையொட்டி உருவான ஜவகர் நவோதயா வித்யாலயங்கள் ஆறாம் வகுப்பில் மாணவரைச் சேர்க்கின்றன. மாவட்டத்துக்கு ஒன்று என்பது பொதுவான ஏற்பாடு; பள்ளிக்கு அதிகம்போனால் 80 இடங்கள். அவற்றில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு ஊரகக் குழந்தைகளுக்கு. மூன்றில் ஒரு பங்கேனும் சிறுமியருக்கு. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் குழந்தைகள் இரண்டு மணி நேரத்தில் 80 வினாக்களுக்கு விடையளிக்கின்றனர். மதிப்பெண்ணில் பாதி மனத்திறன் வினாக்களுக்கு, மீதி கணக்குக்கும் மொழிக்கும். கட்டணமின்றி உண்டு உறைந்து கற்கும் வாய்ப்பை ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்கு இத்திட்டம் தருகிறது. அதன் மதிப்பைக் குறைத்துப் பேச இடமில்லை.

ஆயினும் கணக்கு எளிது. ஒரு மாவட்டத்தின் எல்லாத் தொடக்கப்பள்ளிகளும் ஒரே ஆண்டில் தம் கற்பித்தலை இருமடங்கு மேம்படுத்தினாலும் தேர்ந்தெடுக்கப்படுவோர் 80 பேர்தான். எல்லாப் பள்ளிகளும் ஒருசேரச் சீர்குலைந்தாலும் அதே 80 பேர். இடங்களின் எண்ணிக்கை முன்கூட்டியே முடிவான ஒரு தேர்வின் முடிவு, குழந்தைகள் எவ்வளவு கற்றனர் என்பதைச் சொல்வதில்லை. யார் யாரைவிட முன்னால் நின்றனர் என்பதை மட்டுமே சொல்கிறது. ‘எம் பள்ளியிலிருந்து இருவர் தேர்வு’ என்னும் பலகையிலிருந்து அப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் எஞ்சியிருக்கும் குழந்தைகள் வகுத்தல் கணக்குப் போடுவரா என்பதை அறிய வழியில்லை. மாறாக, அந்த இருவருக்காக நடந்த மாலை வகுப்புகளில் மற்றவர்களுக்கு இடமிருந்ததா என்னும் ஐயமே எழுகிறது.

தமிழ்நாட்டில் நவோதயா பள்ளிகள் இல்லை. கேரளத்தில் உண்டு; அதோடு நான்காம் வகுப்பின் முடிவில் எழுதப்படும் எல்.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வும் அங்கு உண்டு. குறித்த மதிப்பெண்ணை எட்டுவோர் அனைவரும் அதில் தகுதி பெறலாம் என்பதால் நவோதயாவின் இறுக்கமான எண்ணிக்கை வரம்பு அதற்கு இல்லை. ஆனாலும் செய்தியின் வடிவம் மாறவில்லை. தேர்ச்சி பெற்றவர்களின் படங்கள் பள்ளி மதிலில் ஏறுகின்றன; வழிகாட்டி நூல்களும் சிறப்பு வகுப்புகளும் ஒன்பது வயதுக் குழந்தைகளைச் சூழ்கின்றன. எனவே சிக்கலின் வேர் இந்தத் தேர்விலோ அந்தத் தேர்விலோ இல்லை. பெயரும் படமும் உள்ள வெற்றி மட்டுமே பள்ளியின் செய்தி என்னும் வழக்கத்தில்தான் அது இருக்கிறது.

பலகைக்கு வெளியே நிற்கும் குழந்தைகள் எத்தனை பேர்? பிரதம் அமைப்பு 2005 முதல் ஊரக இந்தியாவில் நடத்திவரும் ஏசர் ஆய்வு, குழந்தையின் வீட்டுக்கே சென்று ஓர் எளிய தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறது. எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை எனப் படிகள் அமைந்திருக்கும். 2024ஆம் ஆண்டின் ஆய்வில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 27.1 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புக் கதையைப் படித்தனர். ஐந்தாம் வகுப்பில்கூட அது 48.8 விழுக்காடு மட்டுமே. அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றிய அரசின் பரக் அமைப்பு பள்ளிகளில் நடத்திய தேசிய ஆய்வில், 99 வரையிலான எண்களை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் அடுக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்பு மாணவர் 55 விழுக்காட்டினர். தொடக்கக்கல்வியை முடிக்கும் கட்டத்தில் ஊரகக் குழந்தைகளில் பாதிப்பேர் ஒரு சிறுகதையைப் படிக்க இயலாத நாட்டில், பள்ளிச் சுவர்களெங்கும் வெற்றி மட்டுமே தெரிகிறது.

இந்த எண்களுக்குள் நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் ஏசர் ஆய்வு நடந்தபோது, அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில் கதையைப் படித்தவர் 16.3 விழுக்காட்டினர். 2024இல் அது 23.4 விழுக்காடு. இரண்டே ஆண்டுகளில் ஏழு புள்ளி உயர்வு. நாடு தழுவிய அளவில் இலட்சக்கணக்கான குழந்தைகள் இதில் அடங்குவர். மூன்றாம் வகுப்புக்குள் எல்லாக் குழந்தைகளும் எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவேண்டும் என்னும் இலக்கோடு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுன் பாரத் திட்டத்துக்கும், பள்ளிகள் மீண்டும் திறந்தபின் அடிப்படையிலிருந்து தொடங்கிய ஆசிரியர்களின் உழைப்புக்கும் இதில் பங்கு இருக்கவேண்டும். அண்மைக் காலத்தில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் நிகழ்த்திய மிகப் பெரிய சாதனை என இதனைச் சொல்லலாம். ஆனால் எந்த ஊரின் வாயிற்பலகையும் இதனைச் சொல்லவில்லை. ஆய்வறிக்கையில் ஓர் அட்டவணையாக அது நின்றுவிட்டது. தம் உழைப்பே அந்த அட்டவணைக்குள் இருக்கிறது என்பது அதை உண்டாக்கிய ஆசிரியர்களுக்கேனும் சொல்லப்பட்டதா என்பது ஐயமே.

இதற்கு ஆசிரியர்களைக் குற்றஞ்சாட்டுவது எளிது; நியாயம் அன்று. அரசுப் பள்ளிக்குச் செய்தி என்பது இன்று உயிர்பிழைக்கும் வழி. ஏசர் கணக்கின்படி ஊரகத்தில் 6 முதல் 14 வயதுக் குழந்தைகளில் அரசுப் பள்ளிகளில் பயில்வோர் 2022இல் 72.9 விழுக்காடு, 2024இல் 66.8 விழுக்காடு. நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் ஓர் இலட்சத்துக்கும் மேல். சேர்க்கை குறைந்தால் பள்ளி அருகிலுள்ள பள்ளியோடு இணைக்கப்படும். 50 மாணவருக்குக் குறைவான பள்ளிகளை இணைக்க உத்தரப்பிரதேச அரசு 2025 ஜூனில் பிறப்பித்த ஆணை அதற்குச் சான்று. கழுத்துப்பட்டையும் வேனும் ஆங்கிலப் பெயரும் கொண்ட தனியார் பள்ளியோடு போட்டியிட வேண்டிய தலைமையாசிரியர், கையில் கிடைக்கும் ஒரே ஆயுதமான வெற்றியாளர் படத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். அந்தப் பலகை பெருமைப் பேச்சாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பது ஒரு மன்றாட்டு. ஆனால் இந்தப் போட்டியில் அரசுப் பள்ளி வெல்ல இயலாது. வடிகட்டிச் சேர்க்கும் பள்ளி எப்போதும் அதிகமான படங்களைக் காட்டும். எவரையும் மறுக்காமல் சேர்த்துக்கொள்வதே அரசுப் பள்ளியின் தனித்தன்மை. அதன் செய்தியும் அந்தத் தனித்தன்மையிலிருந்து பிறந்தால்தான் அதற்கு வலிமை உண்டு.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பு. தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லி மதிக்கப்படாத சமூகத்திலிருந்து வரும் சிறுமியின் படம் ஊர் நடுவே தொங்குவது சிறிய செயலா? முதல் தலைமுறையாகக் கற்கும் தலித், பழங்குடிக் குழந்தைகளுக்குப் பொதுவெளியில் கிடைக்கும் பெருமையையும் பறிக்க வேண்டுமா? பறிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெருமை எவ்வடிவில் வரவேண்டும் என்பதற்கு இந்தியக் கல்வி வரலாறே ஒரு முன்மாதிரியைத் தந்திருக்கிறது.

1855ஆம் ஆண்டு ‘ஞானோதய’ என்னும் மராத்தி இதழில் மாங், மகர் மக்களின் துயரங்களைப் பற்றிய கட்டுரையொன்று வெளிவந்தது. எழுதியவர் முக்தா சால்வே. மாங் சமூகத்துச் சிறுமி. புணேயில் சாவித்திரிபாய் புலேயும் ஜோதிராவ் புலேயும் நடத்திய பள்ளியின் மாணவி. வேதத்தைத் தொடவும் உரிமையற்ற தம் மக்களுக்கு உரிய சமயம் எது என்று அக்கட்டுரை வினவுகிறது. தலைக்கு மேல் கூரையின்றிப் பிள்ளை பெறும் பெண்களின் வேதனையைப் பேசுகிறது. இந்தியத் தொடக்கப்பள்ளி ஒன்றிலிருந்து வெளிவந்த மாணவர் சாதனைச் செய்திகளில் இதனை விஞ்சுவது அரிது. இதில் அச்சிறுமி எவரோடும் போட்டியிட்டு வெல்லவில்லை. அவளைப் பற்றி வேறொருவர் எழுதவுமில்லை. கற்ற எழுத்தைக் கொண்டு தன் உலகத்தைத் தானே எழுதினாள்; அது அவளுடைய மக்கள் அனைவரைப் பற்றிய செய்தியாயிற்று. பலகையில் படமாக நிற்கும் குழந்தைக்கும் இதழில் எழுதும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னவள் செய்தியின் பொருள். பின்னவள் செய்தியின் ஆசிரியை.

இம்மரபு அறுபட்டுவிடவில்லை. பிரான்சில் செலஸ்டின் ஃப்ரெனே 1920களில் தம் வகுப்பறைக்கு அச்சுப்பொறியைக் கொண்டுவந்து குழந்தைகளைக் கொண்டே பள்ளி இதழ் அச்சிடச் செய்தார். மத்தியப்பிரதேசத்தில் 1982இல் தோன்றிய ஏகலைவ்யா அமைப்பு 1985இல் ‘சக்மக்’ என்னும் இந்திச் சிறார் இதழைத் தொடங்கியது. குழந்தைகளின் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் அதில் தனி இடமுண்டு. வகுப்பறைச் சுவரில் ஒட்டும் கையெழுத்துச் செய்தித்தாளுக்கு அச்சுப்பொறியும் வேண்டியதில்லை. நேற்றுக் குளம் நிரம்பியது, சத்துணவில் முட்டை வரவில்லை, இரண்டாம் வகுப்பின் கூரை ஒழுகுகிறது என்று எட்டு வயதுக் குழந்தை எழுதினால், அதில் மொழித்திறனின் அடைவும் இருக்கிறது. பள்ளியைப் பற்றிய உண்மைச் செய்தியும் இருக்கிறது.

கூரை ஒழுகுவதும் செய்தியாக வேண்டும் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. 2019 ஆகஸ்டில் உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் குழந்தைகள் மதிய உணவாக ரொட்டியை உப்போடு உண்ணும் காணொளியை உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் வெளியிட்டார். மாவட்ட நிர்வாகம் அவர்மீதே வழக்குத் தொடுத்தது. கடும் எதிர்ப்புக்குப் பின்னரே அவர் அதிலிருந்து விடுபட்டார். நல்ல செய்திக்குப் பலகையும் தீய செய்திக்கு வழக்கும் என்று ஆனபின், நல்ல செய்தியையும் எவரும் நம்பமாட்டார்கள். குறையைச் சொல்ல உரிமையுள்ள பள்ளியின் நிறைவுக்குத்தான் மதிப்பு இருக்கும்.

ஆராய்ச்சியாளர்களிடமிருந்து வரக்கூடிய இரண்டாவது மறுப்பு வேறு வகையானது. அடைவைப் பற்றிய தகவலை ஊருக்குத் தெரிவித்தால் மட்டும் என்ன மாறிவிடும்? உத்தரப்பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் 2005–06இல் அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் நடத்திய களச்சோதனை இக்கேள்விக்குத் தெளிந்த விடையைத் தந்தது. சில ஊர்களில் கல்விக்குழுவின் உரிமைகளைப் பற்றிக் கூட்டங்கள் நடந்தன. வேறு சில ஊர்களில் மக்களே குழந்தைகளைச் சோதித்து ஊர் அறிக்கை தயாரித்தனர். மூன்றாம் வகை ஊர்களில் இவற்றோடு, தன்னார்வலர்களுக்கு வாசிப்பு முகாம் நடத்தும் பயிற்சியும் தரப்பட்டது. தகவல் மட்டும் சென்ற ஊர்களில் பள்ளி மாறவில்லை. பெற்றோரின் ஈடுபாடும் உயரவில்லை. முகாம் நடந்த ஊர்களில், முகாமுக்கு வந்த குழந்தைகள் படிக்கக் கற்றனர். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் நடந்த வேறோர் ஆய்வில், குழந்தைகளின் மதிப்பெண்ணையும் ஊர்ப் பள்ளிகளின் சராசரியையும் பெற்றோரின் கையில் கொடுத்தபோது கற்றல் உயர்ந்தது. தனியார் பள்ளிகளின் கட்டணமும் குறைந்தது. ஆனால் அங்குப் பெற்றோருக்கு ஒரே ஊரில் பல பள்ளிகளுள் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் இது: செய்தி அதைப் பெறுபவரின் கையில் ஒரு செயலையும் வைக்கவேண்டும். ‘மூன்றாம் வகுப்பில் பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்பதோடு செய்தி முடிந்தால் தாய்க்கு மிஞ்சுவது கவலை மட்டுமே. ‘மாலை 4 மணிக்கு ஊர்ப் பொதுக்கூடத்தில் வாசிப்பு வட்டம், பத்தாம் வகுப்பு முடித்த அக்காமார் இருவர் தேவை’ என்று அது தொடர்ந்தால் செய்ய ஒன்று இருக்கிறது. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் அமைப்பு நடத்திய ‘பால்சகி’ திட்டத்தில், பின்தங்கிய குழந்தைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்து அடிப்படைகளைக் கற்பித்தவர் உள்ளூர் இளம்பெண்களே. அதனால் மிகுதியாகப் பயன்பெற்றவர் வகுப்பின் கடைசி வரிசையில் இருந்தவர்கள் என்பதை அதன் மதிப்பீடு காட்டியது. பின்தங்கிய குழந்தைக்குச் செலவிடும் நேரம் வீண் என்னும் எண்ணத்துக்கு இது போதிய மறுமொழி.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கையும் தேவை. சாதனையை விடுத்து அடைவைச் செய்தியாக்கினால் பொய் ஒழிந்துவிடும் என்று நம்ப இயலாது. ஓர் அளவீட்டின்மீது முடிவுகள் எவ்வளவு மிகுதியாகச் சார்ந்திருக்கின்றனவோ, அவ்வளவு மிகுதியாக அது திரிபுக்கு உள்ளாகும் என்று அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்டு கேம்ப்பெல் 1970களிலேயே சுட்டினார். ‘நூறு விழுக்காடு எழுத்தறிவு பெற்ற பள்ளி’ என்னும் பட்டம் அறிவிக்கப்பட்டதும், படிக்கத் தெரியாத குழந்தை தேர்வு நாளில் வீட்டிலேயே இருக்கும்படி அறிவுறுத்தப்படலாம். கதை முன்கூட்டியே மனப்பாடம் செய்விக்கப்படலாம். எனவே அடைவுச் செய்தி பட்டமாகவோ தரவரிசையாகவோ மாறக்கூடாது. பள்ளியைப் பள்ளியோடு ஒப்பிடக்கூடாது. வராத குழந்தையையும் கணக்கில் சேர்க்கவேண்டும். எந்த நிலையில் எவர் இருக்கிறார் என்று பெயர் சொல்லக்கூடாது.

பெயர் சொல்லாமை வெறும் நாகரிகம் அன்று. சட்டத்தின் நோக்கமும் அதுவே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத்துன்பத்தையும் தடைசெய்கிறது. 29ஆம் பிரிவு, குழந்தை அச்சமும் பதற்றமும் இன்றிக் கற்கவேண்டும் என்கிறது. 2023ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளுமுன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. வென்ற குழந்தையின் படம், பெயர், வகுப்பு, தந்தை பெயர், ஊர் ஆகிய அனைத்தையும் ஒரே பதிவில் வெளியிடும் இன்றைய வழக்கம், ஆசிரியரின் அன்பிலிருந்து பிறந்ததாயினும், மறுபரிசீலனைக்கு உரியது. ஆசிரியரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லத் துணியாத கூலித்தொழிலாளியின் தலையசைப்பை முழுமையான ஒப்புதலாகக் கொள்ளவும் இயலாது.

அப்படியானால் ஒரு தொடக்கப்பள்ளியின் அரையாண்டுச் செய்தி எவ்வாறு இருக்கலாம்? கற்பனையான ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்பில் 24 பேர். ஜூலையில் 9 பேர் எழுத்து நிலையிலும், 8 பேர் சொல் நிலையிலும், 5 பேர் பத்தி நிலையிலும், 2 பேர் கதை நிலையிலும் இருந்தனர். டிசம்பரில் அது முறையே 3, 6, 8, 6. எஞ்சிய ஒருவர் பெற்றோரோடு செங்கற்சூளைக்குச் சென்றிருக்கிறார், மார்ச்சில் திரும்புவார், அவருக்குப் புத்தகங்கள் கொடுத்தனுப்பப்பட்டுள்ளன. எழுத்து நிலையில் உள்ள மூவருக்கும் நாள்தோறும் தனி நேரம் ஒதுக்கப்படுகிறது. நவம்பரில் ஆசிரியர் தேர்தல் பணிக்குச் சென்றதால் 7 நாள்கள் வகுப்பு நடக்கவில்லை. நூலகத்துக்குத் தாய்மொழிக் கதைப்புத்தகங்கள் தேவை. கடைசிப் பக்கம் முழுவதும் குழந்தைகள் எழுதியவை. நவோதயா தேர்வில் வென்றவர் இருந்தால் அதற்கும் ஒரு வரி உண்டு. ஆனால் ஒரு வரி மட்டுமே.

இச்செய்தியைப் படிக்கவும் கேட்கவும் உரிய அவை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பது அதன் கடமை. பல ஊர்களில் அது கையொப்பமிடும் குழுவாகச் சுருங்கிப்போனதற்கு ஒரு காரணம், அதன் முன் வைக்கப்படும் தகவல் கட்டடத்தையும் நிதியையும் பற்றியதாக மட்டும் இருப்பது. ஜௌன்பூரில் ஊர்க் கல்விக்குழு என ஒன்று இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாதிருந்தது. அரையாண்டுக்கு ஒருமுறை மேற்கண்டது போன்ற ஒரு தாள், ஊரார் வீட்டில் பேசும் மொழியில், போஜ்புரியோ கோண்டியோ துளுவோ எதுவாயினும், உரக்கப் படிக்கப்பட்டால் அக்குழுவுக்குப் பேசப் பொருள் கிடைக்கும். கேரளத்தில் 2017இல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தின்போது, குழந்தைகளின் கற்றலைப் பள்ளி மதிலுக்கு வெளியே ஊர்ப் பொதுவிடங்களில் காட்டும் ‘மிகவுத்ஸவம்’ நிகழ்ச்சிகள் நடந்தன. அங்கும் சிறந்த சிலரே மேடையேறும் சாய்வு வரக்கூடும். ஆயினும் கற்றலே ஊரின் பொதுச்செய்தி என்னும் எண்ணம் பின்பற்றத்தக்கது.

காலம் இதற்குக் காத்திருக்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மாணவரை நிறுத்தி வைக்க வழிவகுத்தது. அதன்வழி 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியை மாற்றியது. ஆண்டுத் தேர்வில் தவறிய குழந்தை இரண்டு மாதத்தில் மறுதேர்வு எழுதவேண்டும்; அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிற்கவேண்டும். மாநிலங்கள் தத்தம் நிலைப்பாட்டை எடுக்கலாம். எங்கு இது நடைமுறைக்கு வருகிறதோ அங்கு, ஐந்தாண்டு காலம் எந்தச் செய்தியிலும் இடம்பெறாத குழந்தை பத்து வயதில் முதன்முறையாக ஒரு பட்டியலில் இடம்பெறும். அது தவறியவர்களின் பட்டியலாக இருக்கும். இரண்டாம் வகுப்பிலேயே அக்குழந்தை எழுத்து நிலையில் நிற்கிறது என்பது ஊரின் செய்தியாகவும் ஊரின் பொறுப்பாகவும் ஆகியிருந்தால், அப்பட்டியலுக்குத் தேவையே இருந்திராது.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. நிறுவனத் தரவரிசையில் பெற்ற எண்ணை நுழைவாயிலில் எழுதிவைக்கும் உயர்கல்வியே, மதிப்பு என்பது வரிசையில் நிற்குமிடம் என்னும் பாடத்தைக் கீழேயுள்ள பள்ளிகளுக்குக் கற்பிக்கிறது. கல்வியியல் துறைகள் ஆசிரியர் பயிற்சியில் கற்றல் குறிக்கோள்களை எழுதக் கற்பிக்கின்றன. ஒரு வகுப்பின் அடைவைப் பெற்றோருக்குப் புரியும் ஒரு பக்கத்தில் எழுதக் கற்பிப்பது அரிது. பள்ளி ஆண்டுமலர்களும் அறிவிப்புப் பலகைகளும் குழந்தைகளின் சுவரிதழ்களும் ஆய்வுக்குரிய ஆவணங்களாகச் சேகரிக்கப்படுவதும் அரிது. கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குச் செல்லும் ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் தாம் பணியாற்றும் வகுப்பைப் பற்றி அத்தகைய ஒரு பக்கத்தைத் தலைமையாசிரியரோடு சேர்ந்து எழுதி, பெற்றோர் கூட்டத்தில் படித்துவிட்டு வரலாம். இதற்குப் புதிய திட்டமோ நிதியோ தேவையில்லை. அடுத்த பருவத்தின் பயிற்சிக் கையேட்டில் ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும்.